விளக்கு வைத்த பிறகு

"விளக்கு வச்சாச்சு, உள்ளே வா." வத்திராயிருப்பில் வளர்ந்த எனக்கு இந்தக் குரல்தான் மாலைக் கடிகாரம். கலங்கரை விளக்கப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது காதில் விழுகிறது. மிகவும் பாராட்டப்படும் படங்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

காரணம் எளிது. சூரியன் மறைந்து வானம் முழுக்கக் கறுப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் வானத்தின் நீலமும் விளக்கின் ஒளியும் ஒரே படத்தில் சேரும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். பிறகு இருட்டில், மணலில் நடந்து திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் நடை படத்தில் தெரிவதில்லை. பார்ப்பவர்கள் 'தனிமையின் அழகு' என்கிறார்கள். அந்தத் தனிமை யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்பதில்லை.

நானும் தோழியும் கோடியக்கரைக்குப் போனோம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்தது. அதன் செங்கல் மிச்சத்தைத் தேடி நடந்தோம். மதியத்துக்குள் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பிவிட்டோம். என் படங்களில் நிழல் காலடியில் சுருண்டு கிடக்கிறது, வானம் வெளிறியிருக்கிறது. "எந்த நேரத்தில் எடுக்கணும்னு தெரியலையே" என்றார் பார்த்த நண்பர் ஒருவர். நேரம் எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் மதியமே திரும்பினோம்.

இருட்டு எல்லோருக்கும்தானே ஆபத்து என்று கேட்கலாம். ஆபத்து பொதுவாக இருக்கலாம், அதன் பிறகு நடப்பது பொதுவல்ல. தடுக்கி விழுந்த ஆணுக்கு அது சொல்லி மகிழும் கதை. பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, "அந்நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை?"

நடை நமக்குப் புதிதல்ல. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறும் அமாவாசைக் கூட்டத்தில் எத்தனை பெண்கள்! விடியுமுன் நடவுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! சாமிக்காக நடக்கலாம், கூலிக்காக நடக்கலாம். ஒரு படத்துக்காக நடக்கிறேன் என்றால்தான் காரணம் போதாமல் போகிறது.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் இதே கோடிக்கரையில் ஒரு பெண் இரவில் நடக்கிறாள். கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கரின் மகள் பூங்குழலி. படகோட்டுகிறாள், சதுப்பு நிலத்தில் கொள்ளிவாய்ப் பேய்களைப் பார்க்கப் போகிறாள். அவளை நாம் விரும்பியதில், விளக்கு வைத்த பிறகு வெளியே நிற்கும் ஆசையும் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் கதை அந்த நடையை அவளுடைய விசித்திர குணமாகத்தான் காட்டுகிறது, எந்தப் பெண்ணுக்கும் உரிய உரிமையாக அல்ல. கடைசியில் சேந்தன் அமுதனை மணந்து அவள் அரசியாகிறாள். கடற்கரைப் பெண்ணுக்குக் கதை தரும் பரிசு அரண்மனை.

நடுப்பகல் படமே உயர்ந்தது என்று நான் வாதாட வரவில்லை. என் படங்கள் சுமாரானவைதான். ஆனால் அந்தக் குறையைத் திறமைக் குறைவு என்று மட்டும் வாசிக்கும் விமர்சனம் அரைகுறையானது. வெளிறிய வானத்தில் ஒரு பேருந்தின் நேரமும், வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்த பொய்யும் பதிவாகியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனக்கும் அந்த நீலம் வேண்டும். விளக்கு ஏற்றியதும் கிளம்பிப் போய் அதை எடுக்க வேண்டும்.