சிரித்தவர் யார்?

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம். சென்னை மந்தைவெளியில் 21ஜி பேருந்தினுள் கேட்பாரற்றுக் கிடந்தது ஒரு பொதி. பிரித்தனர், பதறினர். உள்ளே தலையற்ற ஓர் இளைஞனின் உடல்! அண்ணாமலைநகர் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற நாவரசு அவன். அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். கொன்றவன் அதே கல்லூரியின் மூத்த மாணவன். பணிய மறுத்தான் இளையவன் என்பதே கொலைக்குக் காரணம். கீழ்மன்றம் தண்டித்தது, 2001இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தண்டித்தது. வழக்கு முடியப் பதினைந்து ஆண்டுகள்!

நாடு நடுங்கிற்று. 1997இல் தமிழகம் பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றிற்று. பிற மாநிலங்கட்கு முன்னோடியான சட்டம். அடித்தால் மட்டுமல்ல, கேலி செய்து நாணவைத்தாலும் குற்றமே என்றது அது. ஈராண்டு வரை சிறை, பதினாயிரம் ரூபாய் வரை தண்டம். ஆயினும் அதில் நாம் பெரிதும் மதிப்பது வேறொரு விதியை. புகாரைக் கேட்டும் வாளாவிருந்த நிறுவனத் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார் என்கிறது அது. எத்துணை நேரிய சிந்தனை! வாளாவிருந்தவருக்கும் பங்குண்டு என ஏட்டில் எழுதினோம். எழுதிய பின் ஏட்டை மூடினோம்.

ஏன் மூடினோம் என்கிறோம்? கல்லூரி வாயிலில் கால் வைத்ததும் ஒருவனுக்குக் கொடுமை முளைத்துவிடுகிறதா, தோழர்களே? ஆறாம் வகுப்பில் அரும்பி, ஒன்பதில் வளர்ந்து, விடுதி அறையில் முற்றுகிறது அது. ஆறாம் வகுப்பில் அதற்கு நாம் இட்ட பெயர் என்ன? விளையாட்டு! "பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்வதைப் பெரிதுபடுத்தலாமா?" என்பார் தந்தை. "அவன் பிறவிக் குணம் அப்படி" என்பார் பாட்டி. சாதகத்தை எடுத்துக்கொண்டு சோதிடரிடம் ஓடுவோரும் உளர். கிரகம் பாவம், எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூர்ப் பள்ளியொன்றின் கடைசி வரிசையில் நடப்பதற்கு அதன்மீது பழி!

நாம் பணியாற்றும் பள்ளியில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் ஒரு சிறுவன். தந்தை கடலுக்குப் போகிறவர், தாய் மீன் விற்பவர். அவன் அமர்ந்ததும் பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்தான். மறுநாள் மூவர் பிடித்தனர். வார முடிவில், அவன் வகுப்புக்குள் நுழைந்தாலே நாற்பது கைகள் மூக்குக்குப் போயின. சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த சட்டை அணிந்து வந்த பிள்ளை! அவன்மீது நாற்றம் இல்லை. நாற்றம் அவன் முகவரியில் இருந்தது; அதை முகரக் கற்றுக்கொடுத்தவர் வீட்டுப் பெரியவர்கள்.

சிறுவர்க்கு உயர்வு தாழ்வு கருவிலேயே வருவதில்லை. தம்மினும் ஒருவன் கீழே இருந்தால்தான் தமக்கு மதிப்பு என்ற பாடத்தை நாள்தோறும் கேட்கின்றனர். வேலைக்கார அம்மாளுக்குத் தனித் தம்ளர் வைப்பதைப் பார்க்கின்றனர். கருத்த பெண்ணைத் தள்ளிவிட்டு வரும் பெண்பார்க்கும் படலத்தைக் கேட்கின்றனர். திரையில் ஒருவன் எத்து வாங்குவதற்கு அரங்கமே சிரிப்பதைக் காண்கின்றனர். வகுப்பில் யாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர்கட்கு வேறு யாரும் சொல்ல வேண்டுமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் அந்தப் பாடம் அரிவாளாயிற்று. உடன் பயின்றோரின் தொல்லை தாளாது பள்ளிக்குப் போகாதிருந்த தாழ்த்தப்பட்ட மாணவன், ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னான். சொன்னதற்காகவே அன்றிரவு வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையையும் விடவில்லை. வெட்டியவர்களும் மாணவர்களே! அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டுக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது என்றது. நல்ல அறிக்கை. அதன் படியைச் சென்னை மாமன்றக் கூட்டத்திலேயே கிழித்தெறிந்தார் ஓர் உறுப்பினர். அவரைக் கடிந்துகொள்வது எளிது. "அதெல்லாம் தென்மாவட்டச் சங்கதி" என்று அடையாற்றிலும் தியாகராயநகரிலும் அமைதியாக அமர்ந்திருப்போரை என்செய்வது? இங்கே மணிக்கட்டில் கயிறு இல்லைதான். டிபன் பாக்சைத் திறந்ததும் முகம் சுளிப்பது எதனால்? ஆங்கிலத்தில் ஒரு சொல் தடுமாறினால் எழும் கெக்கலிப்பு எதனால்? இந்தக் கயிற்றை எந்த அரசாணை அறுக்கும்? அறிக்கையில் நாம் காணும் குறை இதுவே: கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் களைவதில் காட்டிய கூர்மை, தெரியாதவற்றில் இன்னும் வேண்டும்.

சரி, மருந்து யாது? "அடியாத மாடு படியாது" என்று பழமொழி எடுத்துவருவார் சிலர். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மனத் துன்புறுத்தலையும் ஒருங்கே விலக்கியிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்பதைப் பிரம்பு மறுக்கிறதா, மெய்ப்பிக்கிறதா? டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பார் வேறு சிலர். அனுப்பலாம். அடுத்த பள்ளியிலும் எளிய பிள்ளைகள் இருப்பார்களே!

நார்வே நாட்டில் 1982இல் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர் கொடுமையே காரணம் எனக் கருதப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கம் கண்டனர். பெர்கன் நகரில் ஏறத்தாழ 2,500 மாணவரிடையே டான் ஓல்வியூஸ் என்ற அறிஞர் அதை ஆராய்ந்தார். ஈராண்டில் கொடுமை பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தது. செய்தது என்ன? இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் அருந்தாமல் வெளியே நின்றனர். வகுப்பே கூடி விதி வகுத்தது. பெற்றோர் அழைக்கப்பட்டனர். மந்திரமுமில்லை, மாயமுமில்லை!

நாவரசு மாண்ட அதே 1996இல், பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளர் தம் குழுவினருடன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கினார். கொடுமைக்காரன், கொடுமைக்கு ஆளானவன் என இருவரோடு கதை முடியவில்லை. கூட நின்று உதவுபவன், சிரித்து ஊக்குவிப்பவன், கண்டும் காணாதவன், தடுப்பவன் என வகுப்பே அரங்கில் இருந்தது. சிரிப்பு நின்றால் ஆட்டமும் தளரும் என்ற அடிப்படையில், பின்னாளில் அந்நாட்டுப் பள்ளிகளில் திட்டமே வகுக்கப்பட்டது.

இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. அந்தக் குப்பத்துச் சிறுவன் ஒருநாள் தாமதமாக வந்தான். "வாடா கடல்ராசா, வலை காய்ந்துவிட்டதா?" என்று கேட்டவர் நாம்தாம். வகுப்பு குலுங்கிற்று. அன்போடு சொன்னதாகவே எண்ணிக்கொண்டோம். மூக்குப் பிடித்தல் தொடங்கியது அதற்குப் பிந்திய வாரத்தில்.

சென்ற திங்கட்கிழமை, மூக்கைப் பிடித்தவர் யார் யார் என்று வகுப்பில் கேட்டோம். ஒருவரும் எழவில்லை. சிரித்தவர் யார் என்று கேட்டோம். நெடுநேரம் கழித்து மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "நாங்க எல்லாரும்தான் சார். முதல்ல நீங்கதான் சிரிச்சீங்க" என்றாள். ஆம் என்றோம். அவனைப் பார்த்து அதையே மீண்டும் சொன்னோம். அவன் தலை நிமிரவில்லை. பின்னர் அந்தச் சிறுமி தன் பையை எடுத்துக்கொண்டு வந்து அவன் பெஞ்சில் அமர்ந்தாள்.