காக்க வைக்கும் பாகம்

சங்கரன்கோவிலில் விசைத்தறி மக்கர் செய்தால், கைதேர்ந்த ஃபிட்டர் உடனே ஸ்பேனரைத் தூக்குவதில்லை. தறியை ஓடவிட்டுச் சற்று நேரம் சத்தத்தைக் கேட்கிறார். தட்டு எங்கே தவறுகிறது என்று காது சொன்ன பிறகுதான் கை அந்த இடத்துக்குப் போகிறது. வயதாகிப்போன கேமிங் கம்ப்யூட்டரை அளவான பணத்தில் மீண்டும் ஓட வைப்பதற்கும் அந்தக் காதுதான் வேண்டும். கடைக்குப் போய்ப் புதுசு வாங்குவது பணம் இருந்தால் முடிகிற காரியம். இருக்கிற பெட்டிக்குள் எந்தப் பாகம் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது என்று கண்டு, அதை மட்டும் மாற்றுவது கைவேலை.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 2017-இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து, பொதிகை எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தது. ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாக, ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ். அன்றைக்குக் கைக்கு அடக்கமான விலையில் நல்ல சேர்க்கை. இன்று புது விளையாட்டு எதைப் போட்டாலும் திணறுகிறது.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். விளையாட்டின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். 1080பி-யில் ஒரு பிரேமுக்கு 20,73,600 புள்ளிகள், 720பி-யில் 9,21,600. கிராபிக்ஸ் கார்டின் வேலை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அப்படியும், விநாடிக்கு எத்தனை பிரேம் என்று காட்டும் எஃப்பிஎஸ் எண் அசையாவிட்டால் கார்டு சும்மா நிற்கிறது, திணறுவது பிராசஸர். எண் துள்ளி ஏறினால் பாரம் முழுக்கக் கார்டின் தலையில் இருந்திருக்கிறது. வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் முதல் விடை வரும். சைபர்பங்க் 2077 ஆடுகிறவருக்கு இரண்டாவது. ஒரே பெட்டிதான், ஆடுகிறவரைப் பொறுத்து வைத்தியம் மாறுகிறது. ‘எந்தக் கார்டு நல்ல கார்டு?’ என்ற கேள்விக்கு, ‘என்ன ஆடுவீங்க?’ என்று திருப்பிக் கேட்கிற கடைக்காரரை நம்பலாம்.

சராசரி எண் பல நேரம் ஏமாற்றும். விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவிநாடி. அதில் ஒரே ஒரு பிரேம் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் சராசரி 55 என்றுதான் காட்டும். ஆனால் ஆடுகிறவரின் கண் அந்தத் தடுக்கலைப் பிடித்துவிடும். இதை அளந்தே காட்ட வேண்டும் என்று 2011-இல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் ஸ்காட் வாசன் எழுதிய பிறகுதான், பிரேம் பிரேமாக நேரத்தை அளக்கும் முறை மற்ற விமர்சகர்களிடமும் பரவியது. மிக மெதுவான 1 சதவீதப் பிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ‘1 சதவீதத் தாழ்வு’ என்று இன்று எல்லோரும் பார்க்கும் எண் அந்த வழியில் வந்தது. நல்ல ரசனை உள்ளவர் சராசரியைவிட இந்த எண்ணைத்தான் முதலில் தேடுவார்.

அடுத்து, பெட்டியைத் திறந்து துடைக்க வேண்டும். தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையில் மெத்தைபோல் படிந்துவிடுகிறது. ஏப்ரல், மே வெயிலில் காற்று உள்ளே போகாமல் சூடு ஏறினால் பிராசஸரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிய பெட்டி, உண்மையில் மூச்சுவிட முடியாமல் கிடந்திருக்கலாம். புளோயரால் ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவச் சில நூறு ரூபாய் போதும்.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, விளையாட்டுகளுக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட வேண்டும். சைபர்பங்க் 2077 2023-இலேயே தன் குறைந்தபட்சத் தேவையில் எஸ்எஸ்டி-யைச் சேர்த்துவிட்டது. பழைய டிஸ்க் படங்களுக்கும் போட்டோக்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

ராம் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. ஒற்றைக் குச்சி போட்ட பெட்டியில் பிராசஸருக்கும் நினைவகத்துக்கும் நடுவில் ஒரு பாதைதான் திறந்திருக்கும். டிடிஆர்4-3200 வேகத்தில் அது விநாடிக்கு 25.6 ஜிபி. அதே மாதிரி இன்னொரு குச்சியைச் சரியான ஸ்லாட்டில் செருகினால் 51.2 ஜிபி. கொள்ளளவு இரட்டிப்பாவதோடு வழியும் இரட்டிப்பாகிறது. செருகிய பிறகு பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாமல், ராம் குறைந்த வேகத்திலேயே வருடக்கணக்கில் ஓடும் பெட்டிகள் ஏராளம்.

இனி வருவதுதான் இந்தக் கலையின் உச்சம். ஏஎம்டி 2017-இல் ரைசனைக் கொண்டுவந்தபோது பயன்படுத்திய ஏஎம்4 சாக்கெட்டை ஆண்டுக்கணக்கில் மாற்றவில்லை. அதே 2017-இல் இன்டெல், எட்டாம் தலைமுறை பிராசஸருக்குச் சாக்கெட்டின் வடிவம் மாறாமலே புது மதர்போர்டைக் கேட்டது. ஏஎம்டி-யும் முதலில் தயங்கியது. பி350 அடங்கிய 300 வரிசை போர்டுகளில் ரைசன் 5000 வரிசை ஓடாது என்ற நிலை இருந்தது. 2022-இல் அந்தக் கதவும் திறந்தது. ஆகவே நம்முடைய பி350 போர்டில், உற்பத்தியாளர் தந்த பயாஸை ஏற்றினால், ரைசன் 5 5600 உட்கார்ந்துகொள்கிறது.

1600-க்கும் 5600-க்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இரண்டுக்கும் 65 வாட். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே இருப்பது வேறு. 1600-இன் 16 எம்பி எல்3 கேஷ் இரண்டு பாதியாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பாதியிலுள்ள கோர்களுக்கு மறுபாதியில் இருக்கும் தகவல் வேண்டுமானால் சுற்றி வர வேண்டும். 5600-இல் 32 எம்பி, ஆறு கோருக்கும் பொது. உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு ஏறுகிறது. முன்பு 2666-க்கு மட்டும் உத்தரவாதம் தந்த ராம் வேகம் 3200 ஆகிறது. இன்னொரு கணக்கும் தீர்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் 1600 இல்லை, 5600 இருக்கிறது. போர்டும் கேபினட்டும் மாறாமல் ஒரு சதுரச் சில்லு மட்டும் மாறி இவ்வளவு நடக்கிறது. பொறியியலில் அழகு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

செய்முறையில் கவனம் வேண்டும். பயாஸைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே ஏற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துப்போகும். அதனால் யூபிஎஸ் இல்லாமல் தொடக்கூடாது. ஏஎம்4 பிராசஸருக்கு அடியில் ஊசி ஊசியாகப் பின்கள். கூலரை அப்படியே மேலே இழுத்தால், இறுகிய பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். விஷயம் தெரிந்தவர் அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளகவைத்து, மின்சாரத்தை அணைத்து, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்குவார். அந்தத் திருகலைப் பார்த்தே கையின் பழக்கத்தைச் சொல்லிவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவது சுலபம். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு, பெயர் புதுசு. ஆனால் அது மதர்போர்டோடு பேச நான்கு பாதைகளையே பயன்படுத்துகிறது. நினைவகமும் 4 ஜிபிதான். பிசிஐஇ 4.0 போர்டில் ஒருவாறு சமாளிக்கும். நம் பி350-இல் இருப்பது 3.0, அதில் பாதையின் வேகம் பாதியாகிவிடும், 4 ஜிபி நிரம்பிவிட்டால் படம் தடுக்கும். பழைய பெட்டிக்காரர்களுக்கென்றே வந்ததுபோன்ற விலையில், பழைய பெட்டிக்கு ஆகவே ஆகாத கார்டு. 2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600 எட்டுப் பாதை, 8 ஜிபி, 132 வாட். 3.0 போர்டில் இழப்பது சொற்பம். 1060 எடுத்த 120 வாட்டைவிடச் சற்றே கூடுதல் என்பதால், ஏஎம்டி பரிந்துரைக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும்.

அந்த 450 வாட் உண்மையாக இருக்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் படிக்க வேண்டும். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்க 192 வாட். கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைப்பது அவ்வளவுதான், மேலே எவ்வளவு பெரிய எண் அச்சிட்டிருந்தாலும். இங்கே மிச்சம் பிடிக்கிறவர் மற்ற எல்லாப் பாகத்தையும் பணயம் வைக்கிறார்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்கள் 2022 செப்டம்பர் 15-ஐ நினைவில் வைத்திருக்க வேண்டும். கிரிப்டோ நாணயமான எத்தீரியம் அன்றைக்கு, கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங்கைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு எல்லாமே கெட்டது என்பதில்லை. மின்விசிறி ஆடுகிறதா, திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்து, கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

இதே வைத்தியம் எல்லாப் பெட்டிக்கும் பலிக்காது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, டிடிஆர்3 ராம் உள்ள பெட்டியில் ஏறிப் போக வழி பெரும்பாலும் அதே தலைமுறை ஐ7 வரைதான். விண்டோஸ் 11-க்கு அதுவும் தகுதி பெறாது. அதில் இருபதாயிரம் ரூபாய்க் கார்டைச் செருகுவது வீண். ஒரு எஸ்எஸ்டி போட்டு, 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-ஐயும் விட்சர் 3-ஐயும் ரசித்து ஆடலாம். அவை இன்றும் மங்காத விளையாட்டுகள்.

நம்முடைய பெட்டிக்கு, 2024 விலையில் 5600-க்குப் பத்தாயிரத்தை ஒட்டியும், 6600-க்கு இருபதாயிரத்தை ஒட்டியும், ராமுக்கும் எஸ்எஸ்டி-க்கும் ஐந்தாயிரம் போலவும் ஆனது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதால் ராம் விலை எகிறிவிட்டது. அதனால் கையில் இருக்கும் டிடிஆர்4 குச்சியைக் கழற்றி விற்க அவசரப்படக் கூடாது. விற்க வேண்டியவை பழைய 1600-உம் 1060-உம். 1600-க்குச் சொந்தக் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. ஆகவே இரண்டையும் பிரிக்காமல் ஒரே ஆளிடம் கொடுப்பது நல்லது. ஏ320 போர்டில் இரண்டு கோர் ஆத்லானோடு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்துக்கொண்டு ஜிடிஏ 5-க்குத் திணறும் கல்லூரிப் பையனுக்கு அந்த ஜோடி கிடைத்தால், பயாஸைக்கூடத் தொடாமல் அவன் பெட்டி அன்று மாலையே ஓடும்.