ஒரு பாய், ஒரு தாமான்: நான்சச் 30

வயதானால் படகைச் சிறிதாக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னப் படகு நாம் நகரும் பக்கமெல்லாம் சாயும். உள்ளே குனிந்தே கிடக்க வேண்டும். முழங்கால் தேய்ந்தவர் பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல. காற்றடிக்கும்போது சுக்கானை விட்டு எழுந்து முன்பக்கம் போக வேண்டியிருக்கிறதா என்பதைத்தான்.

கனடாவின் பெயர்பெற்ற பாய்ப்படகோட்டி கோர்டன் ஃபிஷர், எளிதாகக் கையாளக்கூடிய படகு ஒன்றைக் கேட்டார். மார்க் எல்லிஸ் வரைந்தார், ஒன்டாரியோவில் ஹின்டர்ஹோலர் பட்டறை கட்டியது. 1978இல் வந்த அந்த நான்சச் 30இன் பழைய படகு ஒன்றை ஒன்டாரியோ ஏரியில் ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.

பாய்மரம் அணியத்தை ஒட்டி நிற்கிறது. அதை இழுத்துக்கட்டும் கம்பி ஒன்றுகூட இல்லை. பாயும் ஒன்றே, 540 சதுர அடி. கவை போலப் பிரிந்த ஒரு சட்டம் அதை இருபுறமும் அணைத்து விரித்துப் பிடிக்கிறது. திசை மாற்றச் சுக்கானைத் திருப்பினேன், அவ்வளவுதான். பாய் தானே மறுபக்கம் போய் நின்றது. நம் கடற்கரையில் தாமான் என்பார்களே, பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றைத் தொடவே இல்லை. முன்பாய் உள்ள படகில் இதே நேரத்தில் ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொன்றை மூச்சு வாங்க இழுத்திருப்பேன். பாயை இறக்குவது இன்னும் சுகம். ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினால் பாய் சட்டத்தின் அடியில் கட்டிய கயிற்றுத் தொட்டிலில் மடிந்து விழுகிறது.

ஏற்றுவதுதான் பாடு. அவ்வளவு துணியையும் ஒரே கயிற்றில் தூக்க வேண்டும். கடைசி சில அடிகளுக்குள் என் தோள் கெஞ்சியது. மின்விசையால் சுழலும் கயிற்றுருளை இல்லாத படகை எழுபதை நெருங்குபவர் வாங்க வேண்டாம். காற்று வலுத்தால் சுக்கான் கனக்கும், படகு காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும். ஆகவே பாயைச் சுருக்கும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.

பாய்மரம் முன்னால் போய்விட்டதால் அறை விசாலம், நிமிர்ந்து நடக்கலாம்.

நான்சச் 30கள் எல்லாமே இன்று பழைய படகுகள். கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியவை. திருகாணி ஓட்டை வழியே நீர் இறங்கினால் அந்த மரம் உள்ளுக்குள் ஊறி அழுகும். மேல்தளம் முழுவதையும் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஒலி மங்கும் இடத்தில் நின்று, படகைச் சோதிக்கும் நிபுணரை அழையுங்கள்.