காற்றில்லா டயர்: நம் காருக்கு எப்போது?

காற்றில்லா டயர் என்றதும் பஞ்சர் தொல்லை ஒழிந்தது என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. டயர் வெடிக்காது. கத்திரி வெயிலில், காற்று குறைந்த டயரோடு, ஆளும் பெட்டியும் நிறைய ஏற்றிக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டரில் பறக்கும் கார்களை நான்குவழிச் சாலையில் எந்த நாளும் பார்க்கலாம். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கும். மடங்க மடங்கச் சூடேறும். சூடு ஏறிய ரப்பர் ஒரு கட்டத்தில் கிழியும். உள்ளே காற்றே இல்லாத டயரில் குறைவதற்கும் ஒன்றுமில்லை, வெடிப்பதற்கும் ஒன்றுமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இது ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் இன்று காசு கொடுத்துக் காருக்கு வாங்க முடியுமா? முடியாது. பிரான்சின் மிஷெலின் நிறுவனம் டயரையும் சக்கரத்தையும் ஒன்றாக்கிய ‘ட்வீல்’ என்பதை 2005இல் காட்டியது. 2019 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து ‘அப்டிஸ்’ என்ற கார் டயரை அறிமுகப்படுத்தி, 2024க்குள் கார்களில் கொண்டுவருவதே இலக்கு என்றது. 2024 போய்விட்டது, கடைக்கு டயர் வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் சிங்கப்பூரில் டிஎச்எல் பார்சல் வேன்களிலும் பிரான்சில் லா போஸ்ட் தபால் வேன்களிலும் அது சோதனைக்குப் போனது. ட்வீலோ புல்வெட்டும் வண்டியிலும் கட்டுமானத் தளத்துச் சிறு லோடர்களிலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் 2011இல் தன் காற்றில்லா டயரைக் காட்டியது; மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாத ஊர்ச்சுற்றும் மின்வண்டிகளில் பொருத்திப் பார்க்கிறது. குட்இயர் 2022இல் டெஸ்லா காரில் மாட்டிச் சோதித்தது. எங்கெல்லாம் இந்த டயர் நிலைத்திருக்கிறது என்று பாருங்கள்: மெதுவாகப் போகும் வண்டி, தெரிந்த பாதை, நின்றால் நஷ்டம் வரும் தொழில்.

வேகமான கார்களுக்கு அது இன்னும் வராததற்குக் காரணம் காற்றின் திறமை. ஒரு டன் எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் ஏறத்தாழ 250 கிலோ இறங்குகிறது. 33 பிஎஸ்ஐ காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ அழுத்தம். கணக்குப் போட்டால், தரையைத் தொடும் ரப்பர் 110 சதுர சென்டிமீட்டர்தான், ஓர் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கையை எந்தப் பள்ளத்திலும் ஒரே சீராகத் தரையோடு அழுத்தி வைப்பது காற்று. காசில்லாமல் கிடைக்கிறது, சூட்டில் அலுத்துப்போவதில்லை, வேண்டியபோது கூட்டலாம் குறைக்கலாம்.

அந்த வேலையைக் காற்றில்லா டயரில் வளையும் ஆரக்கால்கள் செய்ய வேண்டும். அப்டிஸில் அவை கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்தவை. அலுமினியச் சக்கரத்தையும் வெளிவளையத்தையும் அவை இணைக்கின்றன. சுமையை அதிகம் தாங்குவது மேல்பக்கத்து ஆரக்கால்கள். அச்சு அவற்றில் தொங்குகிறது. கீழே வரும் ஆரக்கால் மடங்கிக்கொடுக்கிறது. எனக்கு மிகப் பிடித்த பொறியியல் இது. சிக்கலும் இங்கேதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறிய காரின் சக்கரம் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து சுற்று சுற்றும். 60 ஆரக்கால் இருப்பதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 900 முறைக்கு அருகில் ஏதோ ஒன்று மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் அதிர்வு, கொஞ்சம் சூடு. ட்வீலின் ஆரம்பகால வடிவத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதிர்வும் இரைச்சலும் தாங்கவில்லை என்பதுதான் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது.

காருக்கானது கைக்கு வராததால், இதே குடும்பத்தைச் சேர்ந்த சின்ன டயரை ஓட்டிப் பார்த்தேன். அக்கா மகனிடம், நின்றுகொண்டே ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. அதன் டயர் முழு ரப்பர், பக்கவாட்டில் தேன்கூடு போலத் துளைகள். சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது, குறையே சொல்ல முடியாது. பேவர் பிளாக் பதித்த தெருவுக்குள் திருப்பியதும் கைப்பிடி நடுங்கத் தொடங்கியது. தெரு முடிவதற்குள் உள்ளங்கை மரத்துவிட்டது. மழை பெய்த தரையில் வெள்ளைக் கோட்டின் மேல் திரும்பும்போது பிடிமானம் குறைந்ததும் தெரிந்தது. துளைகளில் ஜல்லிப்பொடி ஏறி உட்கார்ந்துகொண்டது, குச்சியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். அப்டிஸ் இதைவிடப் பல மடங்கு நுணுக்கமானது, ஒன்றை வைத்து மற்றதற்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் மென்மை, பிடிமானம், அழுக்கு என்ற மூன்று கேள்விகளும் இரண்டுக்கும் பொது.

காருக்கு வந்தால் அழுக்குக் கேள்வி இன்னும் பெரிதாகும். பக்கங்கள் திறந்திருக்கும் சக்கரத்தில் களிமண் அப்பிக் காய்ந்தால் ஒருபக்கம் கனம் கூடும், வீல் பாலன்சிங் கெடும். சுமையும் அப்படித்தான். தனியாக வேலைக்குப் போகும்போது ஒரு காற்றளவு, குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது வேறு அளவு என்று கார் கையேடே சொல்கிறது. ஆரக்காலின் விறைப்பை அப்படி மாற்ற முடியாது. ஒற்றை ஆளுக்கு மென்மையாகச் செய்தால் ஐந்து பேருக்குத் துவளும். ஐந்து பேருக்குச் செய்தால் ஒற்றை ஆளின் முதுகு பேசும்.

அடுத்தது பராமரிப்பு. ஆணி குத்தினால் கவலையில்லை, சரி. ஆனால் தரையைத் தொடும் பட்டன் ரப்பர் தேய்வது நிற்காது. இன்று பட்டன் போனால் டயரை மட்டும் மாற்றுகிறோம், ரிம் அப்படியே இருக்கும். அப்டிஸில் டயரும் சக்கரமும் ஒரே உருப்படி என்பதால் தெருமுனைக் கடையில் கழற்றி மாட்டும் வேலை இல்லை. பட்டனை மட்டும் புதுப்பித்துத் தரும் ஏற்பாடு ஊர் ஊராக வராத வரை, வாங்குபவர் நிறுவனத்தை நம்பியே இருக்க வேண்டும். சட்டமும் மாற வேண்டும்: நம் நாட்டில் கார் டயருக்கான ஐஎஸ் 15633 தரநிலை, காற்றடைத்த டயருக்காக எழுதப்பட்டது.

பஞ்சருக்கு மட்டும்தான் தீர்வு வேண்டும் என்றால், மலிவான வழிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் டிபிஎம்எஸ், பஞ்சர் அடைக்கும் கருவி. இவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசே விதியைத் தளர்த்தியது.

என் தீர்ப்பு இது. பார்சல் வேன், விமான நிலைய வண்டி, தோட்ட வாகனம் வைத்திருப்பவர்கள் காற்றில்லா டயர் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வீட்டுக் காருக்கு அவசரம் வேண்டாம். நெடுஞ்சாலை வேகத்தில் அமைதியாக ஓடி, மழைக்கால மண் சாலையில் ஒரு பருவம் தாங்கி, பட்டனை மட்டும் மாற்றவும் வழி செய்துவிட்டு வரட்டும், முதல் ஆளாக வாங்குகிறேன். அதுவரை உங்கள் காருக்கான காற்றளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. மாதம் இரண்டு முறையாவது, டயர் ஆறியிருக்கும் காலை வேளையில், அதன்படி காற்றுப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.