சுவருக்குள் போன ஸ்பீக்கர்: எப்படி ரசிப்பது?

தமிழ்நாட்டில் ஷோகேஸ் இல்லாத ஹாலைப் பார்ப்பது அபூர்வம். கடப்பாக் கல் பதித்த நாலு தட்டு, நடுவில் டிவி, அதற்கு மேலே கொலு பொம்மைகள், பையன் வாங்கிய ஷீல்டுகள், யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி அன்னம். இத்தனைக்கும் இடம் உண்டு, பாட்டுக்கு மட்டும் கிடையாது. பாட்டு கேட்கத் தோன்றினால் டிவிக்குக் கீழே ஒரு சவுண்ட்பார். கொஞ்சம் வசதி இருந்தால் இரண்டு மூலையிலும் இரண்டு டவர் ஸ்பீக்கர், குழந்தை இடித்துத் தள்ளிவிடுமோ என்ற பயத்தோடு.

அந்த ஷெல்ஃபின் அளவுக்கே பெட்டி அடித்து, அதில் வூஃபரையும் ட்வீட்டரையும் பொருத்திக் கேட்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஓரளவு விவரம் தெரிந்தவர்கள்கூடப் பின்வாங்குவார்கள். சுவரோடு வைத்தால் பேஸ் குமுறும் என்று எந்த விமர்சகரோ என்றைக்கோ எழுதியது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் இரண்டு ஜோடி டிரைவர் வாங்கி வந்து ஆசாரியோடு உட்கார்ந்தால் முடிகிற காரியம் ஊருக்கே எட்டாக்கனியாகிவிட்டது.

அடிப்படையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தாழ்ந்த சுரங்களுக்கு வூஃபர், உச்சத்துக்கு ட்வீட்டர், இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்க காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்த கிராஸோவர். பெட்டியில் இரண்டு வகை: முழுக்க மூடியது, குழாய் வைத்தது. குழாய்ப் பெட்டி இன்னும் கொஞ்சம் ஆழம் இறங்கும். ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். மூடிய பெட்டியில் சரிவு 12 டெசிபல்தான். ஷெல்ஃபுக்கு மூடிய பெட்டி. இதில் விவாதமே வேண்டாம். சுவரே தாழ்ந்த ஒலிக்குக் கை கொடுக்கும்போது குழாய் எதற்கு? பின்பக்கம் குழாய் உள்ள பெட்டியை ஷெல்ஃபுக்குள் திணித்துவிட்டுக் குமுறுகிறது என்று புலம்புகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கும் மிரளும்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ல் வெளியிட்ட கட்டுரையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் எழுதியவையும் பெட்டியின் அளவைக் குத்துமதிப்பிலிருந்து மீட்டுக் காகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. ஷெல்ஃபின் ஒரு கட்டம் 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம், 30 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 18 எம்.எம். ப்ளைவுட்டில் பெட்டியின் வெளி அளவு 28, 34, 27. உள்ளே 17 லிட்டர் சொச்சம் கிடைக்கும். வூஃபரின் முதுகு, குறுக்குச் சட்டம், கிராஸோவர் எல்லாம் அடைத்துக்கொண்டது போக 16 லிட்டர். ஆறரை அங்குல வூஃபர் ஒன்றின் அளவுத்தாளில் எஃப்.எஸ். (பெட்டி இல்லாதபோது வூஃபரின் ஒத்ததிர்வு) 38 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எப்படி அடங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) 0.42, வி.ஏ.எஸ். (வூஃபரின் தொங்கலின் வில்தன்மைக்குச் சமமான காற்றின் அளவு) 26 லிட்டர் என்று இருக்கிறது என்போம். 26ஐ 16ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.62. அதை 0.42ஆல் பெருக்கினால் 0.68. இந்த எண் 0.7ஐ ஒட்டி நின்றால் பேஸ் குமுறாது, வறண்டும் போகாது. அதே 1.62ஐ 38ஆல் பெருக்கினால் சுமார் 62 ஹெர்ட்ஸ், பெட்டிக்குள் போன வூஃபரின் ஒத்ததிர்வு அது. பத்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்.

இனி விஷயத்துக்கு வரலாம். அறைக்குள் நிற்கும் ஸ்பீக்கர் வேறு, சுவரின் முகமாகவே ஆகிவிட்ட ஸ்பீக்கர் வேறு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டவருக்கு மற்றதெல்லாம் தானாக வரும். பிடிபடாதவர் எத்தனை லட்சம் செலவழித்தாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் நிற்பார்.

முற்றத்தின் நடுவில் வைத்த அகல் விளக்கு நாலு பக்கமும் வெளிச்சம் தரும். அதையே மாடக்குழியில் வைத்தால் வெளிச்சம் முழுவதும் முன்பக்கம்தான் வரும். தாழ்ந்த ஒலியும் அப்படித்தான். உச்ச சுரங்களின் அலைநீளம் சிறியது, பெட்டியின் முகப்பலகையே அவற்றை முன்னால் தள்ளிவிடும். தாழ்ந்த சுரங்களின் அலைநீளம் பெட்டியைவிடப் பெரியது, பலகையைச் சுற்றி முதுகுப்பக்கமும் போய்விடும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் 6 டெசிபல் வரை நஷ்டம். இந்த 6 டெசிபல் படி எந்த அதிர்வெண்ணில் விழுகிறது என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: 115ஐ, மீட்டரில் சொன்ன பலகையின் அகலத்தால் வகுக்க வேண்டும். 28 செ.மீ. பலகைக்கு 410 ஹெர்ட்ஸ் வரும். கடையில் விற்கும் ஸ்பீக்கரை வடிவமைப்பவருக்கு இது தெரியும். அதனால் கிராஸோவரில் பெரிய காயில் போட்டு, நடுச் சுரங்களைக் கீழே அமுக்கி, இழந்த பேஸுக்குச் சமமாக்கிவிடுவார். அந்த ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால், சுவர் ஒரு பங்கு ஏற்றும், காயில் செய்த ஏற்பாடு இன்னொரு பங்கு ஏற்றும். குமுறாமல் என்ன செய்யும்? விமர்சகர் கேட்டது இதைத்தான். குற்றம் சுவரின் மீது விழுந்தது.

ஷெல்ஃபுக்கென்றே அடிக்கும் பெட்டியில் கதை தலைகீழ். முகப்பலகை ஷெல்ஃபின் விளிம்போடு சமமாக நிற்கிறது. பக்கத்துக் கட்டங்களில் புத்தகங்கள் விளிம்பு வரை அடுக்கியிருக்கின்றன. இப்போது பலகையின் அகலம் 28 செ.மீ. அல்ல, மொத்தச் சுவர். மூன்று மீட்டர் சுவர் என்றால் 115ஐ மூன்றால் வகுத்து 38 ஹெர்ட்ஸ்; ஆறரை அங்குல வூஃபருக்கு அந்தப் பக்கம் பெரிதாக வேலையே இல்லை. பெரிய காயில் தேவைப்படாது. நடுச் சுரங்களை அமுக்க வேண்டியதில்லை. இதில் மிச்சமாவது லேசானதல்ல: 3 டெசிபல் மிச்சம் என்றால் ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரட்டித்த மாதிரி, 6 என்றால் நாலு மடங்கு. 25 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஹாலை நிரப்புகிறவர்களின் சூட்சுமம் இதுதான்.

முதுகுச் சுவரின் இன்னொரு தொல்லையும் இங்கே ஒழிகிறது. அமெரிக்காவின் ஆக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியில் வேலை பார்த்த ராய் ஆலிசன், அறையின் சுவர்கள் ஸ்பீக்கரின் ஒலியை எப்படி ஏற்றி இறக்குகின்றன என்பதை 1974ல் விரிவாக எழுதினார். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 143 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் அலைக்கு எதிராக வந்து அதை அறுக்கும். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு 143 என்றால் என்ன? ஒன்றரைக் கட்டை ஸட்ஜம் 139 ஹெர்ட்ஸ், இரண்டு கட்டை 147. அந்தச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸட்ஜமே பள்ளத்தில் விழுகிறது! பாகவதர் ஆலாபனையை முடித்து ஸட்ஜத்தில் வந்து நிற்கிறார், ஸ்பீக்கர் அந்த இடத்தை விழுங்குகிறது. 'சுவரிலிருந்து இழுத்து வையுங்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விமர்சனங்களில் இந்தப் பள்ளத்தைப் பற்றி மூச்சே இருக்காது. ஷெல்ஃபில் சமமாக நிற்கும் ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடைவெளியே இல்லை, அறுக்க அலையும் இல்லை. தரையும் பக்கச் சுவரும் தங்கள் பங்குக்குக் குறும்பு செய்யும், அது எங்கே வைத்தாலும் உண்டு.

இது வீட்டில் அடிப்பவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954ல் ஏ.ஆர்.-1 என்ற சின்ன மூடிய பெட்டியைக் கொண்டுவந்தார்கள்; குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்த ஸ்பீக்கர்களை ஷெல்ஃபுக்கு இறக்கியது அதுதான். அவர்கள் வூஃபரை அளந்த விதம் இன்னும் அழகு: வெட்டவெளியில் குழி தோண்டி, பெட்டியின் முகம் தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்து, மேலே மைக் வைத்து அளந்தார்கள். தரை ஒரு பெரிய சுவர். ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி 1979ல் வெளியிட்ட 'கான்' ஸ்பீக்கரும் சுவரோடு ஒட்டி வைப்பதற்கென்றே பிறந்தது. பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் எட்டிப் பார்த்தால் முதன்மை மானிட்டர்கள் பல இடங்களில் சுவருக்குள்தான் பதிந்திருக்கும். சுவருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சரிபார்த்த பாட்டைக் கேட்டுக்கொண்டே, சுவரில் ஸ்பீக்கர் ஆகாது என்று எழுதுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

சமமாக என்றால் சமமாகத்தான். இரண்டு அங்குலம் உள்ளே போனாலும் முன்னால் ஒரு பொந்து உண்டாகிவிடும். நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில், மனிதக் குரலின் மடியிலேயே அது முனகும். செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பெட்டிக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு செ.மீ. இடைவெளி விட்டோமே, அதையும் ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் வெற்றிடம் அந்த இடுக்கு வழியே தனியாக ஊதும். பெட்டியைப் படுக்கப்போட்டு வூஃபரும் ட்வீட்டரும் பக்கம் பக்கமாக இருக்கும்படி வைப்பதும் கூடாது. சோபாவின் ஒரு முனையில் இருப்பவர் ஒரு பாட்டையும் மறுமுனையில் இருப்பவர் வேறு பாட்டையும் கேட்பார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் பழகிய ஒரு ஆண் குரல். மேடைக் கச்சேரியல்ல, வெறும் பேச்சு. குரல் நெஞ்சிலிருந்து வருகிறதா, டப்பாவிலிருந்து வருகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது மிருதங்கத்தின் தொப்பி. இடக்கை அழுத்திச் சறுக்கும்போது கும்கியின் வளைவு தெளிவாகக் கேட்க வேண்டும், அடித்த பிறகு ஒலி வால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. எல்லா அடியும் ஒரே சுருதியில் 'தொம்' என்றால் பெட்டியின் கணக்கு தப்பு. மூன்றாவதாக இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்கள், பேஸ் கிட்டாருக்காக. அந்தக் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். மேலே கணக்குப் போட்ட பெட்டியில் அது சுமார் 8 டெசிபல் இறங்கியிருக்கும், ஆனாலும் சரிவு மெதுவாக இருப்பதால் சுரம் தொலையாது. பேஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர் கற்றுக்குட்டி. அடுத்தடுத்த இரண்டு சுரங்களின் அளவு சமமாக இருக்கிறதா என்று கேட்பவர்தான் ரசிகர்.

மேடையின் ஆழம் தெரியவில்லையே என்று ஒரு புகார் வரும். அறைக்குள் இழுத்து வைத்த நல்ல ஸ்பீக்கர் பின்னால் ஒரு வெளியைக் காட்டும் என்பது வாஸ்தவம்தான், ஷெல்ஃபில் அது குறைவு. ஆனால் அந்த ஆழத்துக்காக ஹாலின் நடுவில் இரண்டு தூண் நட்டு, அவற்றைச் சுற்றி நடக்க வீட்டாரைப் பழக்குவதெல்லாம் ரசனைக் கணக்கில் வராது. கூரையில் பதிக்கும் வட்ட ஸ்பீக்கர்களோ அதைவிட மோசம். ஹோட்டல் வரவேற்பறைக்கு அது சரி, பாட்டு தலையில் கொட்ட வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குள் இருக்கட்டும்: நல்ல ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் கெடுப்பது பெரும்பாலும் ஷோகேஸின் தள்ளுகண்ணாடிதான். ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டரை இறக்கி, 200 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக 30 வரை கொண்டுபோனால் வீட்டில் உள்ள ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி கிடுகிடுக்கும், ஷீல்டின் பித்தளைத் தகடு ரீங்கரிக்கும், குத்துவிளக்கின் திருகு மரை நடுங்கும். ரப்பர் துண்டும் மடித்த அட்டையும் போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒயர் மாற்றுகிறவர்கள் இந்தப் பத்து ரூபாய் வேலையைச் செய்வதில்லை.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்குச் செலவில்லாத ஒரு பரிசோதனை. வீட்டில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரை ஷெல்ஃபில் விளிம்போடு சமமாக நிறுத்தி, சுற்றிலும் பழைய போர்வையைத் திணித்து, பக்கத்தில் புத்தகங்களை முன்னால் இழுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை இரண்டு மூன்று படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள். பின்பக்கம் குழாய் இருந்தால் அதில் ஒரு சாக்ஸைச் சுருட்டி அடைத்துவிடலாம். முறையாக அடித்த பெட்டியின் முழு ருசி இதில் வராது, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கிவிடும்.

புது வீடு கட்டுகிறவர்கள் ஷெல்ஃபின் அளவைக் கொத்தனாரிடம் சொல்வதற்கு முன்பே வூஃபரின் அளவுத்தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிவிக்கு இரண்டு பக்கமும், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், ஒரே அளவில் இரண்டு கட்டம் விடச் சொல்லுங்கள். பூச்சுவேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒயர் போக ஒரு பிவிசி பைப்பைச் சுவருக்குள் போட்டு வையுங்கள். பூசிய பிறகு சுவரை உடைக்க வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.