வானாயீனாவின் பேரேடு

ப. சிங்காரம் என்றதும் நம்ம ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது புயல். மெடானிலிருந்து பினாங்குக்குப் போகும் தொங்கான் கடலில் படும் பாடு. அடுத்தது போர், அதற்கடுத்து பாண்டியனின் தனிமை, மதுரைத் தெருக்களைப் பற்றிய அந்த நனவோடை. எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. 'புயலிலே ஒரு தோணி'யைப் பரிந்துரைக்கிற எல்லோரும் "தமிழின் முதல் உலக நாவல்" என்கிற மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் கையில் கொடுக்கிறார்கள். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த மனிதர்கள் எல்லாம் அந்த ஊர்களுக்கு எதற்குப் போனார்கள்? வட்டிக்கடைக்குப் போனார்கள். சிங்காரமே 1938இல் சிங்கம்புணரியிலிருந்து மெடானுக்குக் கப்பலேறியது கடை வேலைக்குத்தான். அவருடைய இரண்டு நாவல்களையும் போர் நாவல் என்று படிக்கிறோம், காதல் நாவல் என்று படிக்கிறோம். அவை வங்கி நாவல்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

'வங்கி' என்றால் சிரிப்பீர்கள். பெட்டியடி, கால் மடித்து உட்கார்ந்த கணக்கப்பிள்ளை, சுவரில் முருகன் படம். இது எப்படி வங்கி? ஆனால் அந்தக் காலத்தில் கடல் கடந்து கடன் கொடுத்த எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் முன்னே நின்ற கேள்வி ஒன்றேதான். பணம் அங்கே இருக்கிறது, முதலாளி இங்கே இருக்கிறான், நடுவில் கடல். அங்கே இருக்கும் ஆளை எப்படி நம்புவது?

ஃபுளோரன்ஸின் மெடிசி குடும்பம் 1397இல் வங்கி தொடங்கியபோதும் இதே தலைவலிதான். ஒவ்வொரு ஊர்க் கிளையையும் தனித்தனிக் கூட்டாக வைத்து, அந்த ஊர் மேலாளரையும் பங்காளியாக்கினார்கள். அப்படியும் ப்ரூஜ் நகரக் கிளையில் இருந்த தொம்மாசோ போர்த்தினாரி, பர்கண்டியின் கோமகன் சார்லஸுக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுத்தார். 1477இல் சார்லஸ் போர்க்களத்தில் செத்ததும் பணம் போச்சு. தூரத்துக் கிளையில் இருப்பவனுக்கு அரண்மனை வாசல் பழகிவிட்டால் தலைமை அலுவலகத்தின் பேச்சு காதில் விழாது. லண்டனில் 1853இல் அரச சாசனம் வாங்கித் தொடங்கிய சார்ட்டர்டு வங்கி இதற்கு வேறு வழி வைத்திருந்தது: பட்டயம், பங்குதாரர்கள், லண்டன் இயக்குநர் குழு. 1865இல் ஹாங்காங்கில் பிறந்த வங்கியோ தலைமையகத்தையே கீழ்த்திசைக்குக் கொண்டுவந்துவிட்டது.

செட்டிநாட்டின் வழி இன்னொன்று. முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். 'மேலாள்' மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறிப் போவார், கையில் முதலாளி எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கும். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கணக்கு முடிந்து திரும்பும்போது ஐந்தொகை போட்டுப் பார்ப்பார்கள். பையன் அடுத்தாளாவதும், அடுத்தாள் மேலாளாவதும், மேலாள் ஒருநாள் சொந்தக் கடை வைப்பதும் உண்டு. திருடினால்? கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே ஊரில் அவன் பெயர் கெட்டுவிடும், பெண் கொடுக்க மாட்டார்கள், அடுத்த கணக்குக்கு எந்தக் கடையும் கூப்பிடாது. கல்யாணச் சந்தையும் வேலைச் சந்தையும் ஒன்றாக இருக்கிற இடத்தில் தணிக்கையாளர் தேவைப்படுவதில்லை.

இப்போது 'கடலுக்கு அப்பால்' நாவலுக்கு வாருங்கள். செல்லையா பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளை கடையின் அடுத்தாள். கடைப் புழக்கத்தில் பிள்ளையின் பெயர் வானாயீனா. விலாசத்தின் எழுத்துகளை வாய்ப்பாடு மாதிரி நீட்டிச் சொல்வது கடைத்தெரு வழக்கம். செல்லையாவுக்கும் அவர் மகள் மரகதத்துக்கும் காதல். பெண் கொடுக்கும் எண்ணம் அவருக்கும் இருந்தது. போர் வந்தது, செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்தான். போர் முடிந்து திரும்பி வந்தவனுக்குப் பெண் கொடுக்க வானாயீனா மறுத்துவிடுகிறார். பட்டாளத்துக்குப் போனவன் இனி லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்பது அவர் கட்சி.

பொதுவாக இந்த மறுப்பை நாம் பழமையின் பிடிவாதம் என்று படித்துவிட்டுப் போகிறோம். அப்பா வில்லன், காதலர்கள் பாவம். எனக்கென்னவோ இது நாவலிலேயே மிகத் தெளிவான வங்கி முடிவு என்று படுகிறது. அந்த அமைப்பில் மருமகன் என்பவன் நாளைய மேலாள். அவனிடம் இருக்க வேண்டியது பயம். வீரத்துக்கு அங்கே வேலை இல்லை. பேரேட்டைப் பார்த்தால் பயம், ஊரை நினைத்தால் பயம், வராத கடனை நினைத்தால் தூக்கம் வராத பயம். துப்பாக்கி பிடித்து, சாவைப் பக்கத்தில் பார்த்து வந்தவனுக்கு அந்தப் பயம் போய்விட்டது. வானாயீனா அதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். அவருக்குச் செல்லையாமேல் வெறுப்பு இல்லை, பாசமே இருக்கிறது என்பதுதான் கொடுமை. பாசம் ஒரு பக்கம், கடன் தகுதி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதக்கூடாது என்று அவருக்குத் தெரியும். (செல்லையா போய்ச் சேர்ந்த இயக்கமும் 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி என்று ஒன்றைத் தொடங்கியது. பட்டாளத்துக்கும் பெட்டியடி வேண்டித்தான் இருந்தது.)

சிங்காரம் செட்டியார் இல்லை, வானாயீனாவும் இல்லை. இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் நஷ்டம். செட்டியார்கள் உருவாக்கிய இந்த அமைப்பை அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், அதே சொற்கள், அதே ஏடுகள், அதே மூன்று வருஷக் கணக்கு. சாதி தொடங்கி வைத்தது, பிறகு அது தொழில்நுட்பமாகப் பரவியது. உள்ளே வேலை பார்த்த வெளியாள் என்பதால்தான் சிங்காரத்தால் அந்தக் கடைகளைப் பார்த்துச் சிரிக்கவும் முடிந்தது.

அமைப்பின் அளவு என்னவென்று தெரிந்தால் அந்தச் சிரிப்பின் எடை புரியும். 1929-30இல் பர்மாவில் வங்கித்தொழில் விசாரணைக் குழு ஒன்று கணக்கெடுத்தது. சுமார் 1,650 செட்டியார் கடைகள், சுமார் 75 கோடி ரூபாய் கடன். அன்றைய 75 கோடி. கீழ் பர்மாவை ஆங்கிலேயர் 1852இல் பிடித்தார்கள், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டையும் சதுப்பையும் வயலாக்க விவசாயிக்கு முன்பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. அவர்களுக்கு ஏற்றுமதி உண்டியல் போதும், சேற்றில் இறங்க மனசில்லை. இறங்கினவர் செட்டியார். ரங்கூன் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியை நிர்ணயம் செய்தார்கள். ஒரு மத்திய வங்கி செய்கிற வேலையை முருகன் சன்னதியில் செய்தார்கள். கடையில் புழங்கிய பணம் முதலாளியுடையது மட்டுமில்லை. உறவினர் பணம், கோயில் பணம், பெண்கள் சீதனமாகக் கொண்டுவந்த ஆச்சிமார் பணம் எல்லாம் அதில் இருந்தது. போதாததற்கு ஆங்கிலேய வங்கிகளிடமும் வாங்கினார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த வாசல் எப்போது வேண்டுமானாலும் அடைபடும். 1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் கடை முறிந்ததும் அங்கிருந்த ஆங்கிலேய வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனை இறுக்கிவிட்டன. சிங்களச் சிறு வியாபாரி வரைக்கும் அந்த இறுக்கம் போய்ச் சேர்ந்தது. 1934இல் இலங்கை வங்கித்தொழில் ஆணைக்குழு அமைந்ததற்கும், 1939இல் இலங்கை வங்கி பிறந்ததற்கும் பின்னால் இந்த அடியும் இருந்தது.

பர்மாவில் அடி வேறு விதமாக விழுந்தது. 1930இல் அரிசி விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். செட்டியாருக்கு நிலம் வேண்டியிருந்ததா? பெரும்பாலும் இல்லை. நிலம் என்பது அவருக்கு வராத கடனின் இன்னொரு பெயர், ரங்கூனில் உட்கார்ந்து விற்க முடியாத சொத்து. ஆனால் நேற்றுவரை சொந்த வயலில் உழுதவன் இன்று அதே வயலில் குத்தகைக்காரன் ஆனான். அவன் இதை எந்தக் கண்ணால் பார்ப்பான்? மலாயாவில் 1913லேயே மலாய்க்காரர் நிலத்தை மற்றவர்களுக்கு விற்கத் தடைபோட்ட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. பர்மாவில் அப்படி ஒன்று உரிய காலத்தில் வரவில்லை. ஒரே கடை, ஒரே ஏடு, ஒரே வட்டி. ஆனால் ஒரு நாட்டில் பகை ஒரு மாதிரி, இன்னொரு நாட்டில் வேறு மாதிரி. வெளிநாட்டில் தொழில் செய்யும் வங்கியின் தலையெழுத்தைப் பாதிக்கு மேல் எழுதுவது அந்த ஊர்ச் சட்டம்தான்.

இங்கேதான் சிங்காரத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

அவருடைய நாவல்களில் சீனர் வருகிறார்கள், மலாய்க்காரர், டச்சுக்காரர், ஜப்பானியர் எல்லோரும் வருகிறார்கள். தெருப் பெயர்கள், சாப்பாடு, கெட்ட வார்த்தை உட்பட மொழிகள் வருகின்றன. தமிழில் வேறு யாரும் இந்தக் கூட்டத்தை இப்படிக் கொண்டுவந்ததில்லை. ஆனால் கடன் வாங்கியவனின் வீடு என் மனதில் பதியவே இல்லை. வசூலுக்குப் போகிறவன் இருக்கிறான், கதவு திறக்கிறது, அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று நாவல் எட்டிப் பார்ப்பதில்லை. சீதனப் பணம் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் ஊரில் காத்திருந்த பெண்ணின் பக்கமும் அது அதிகம் திரும்புவதில்லை. தமிழ்ப் பெருமையை அவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்தவர், தன் மனிதர்களின் பிழைப்பு யார் வயலின்மேல் நின்றது என்ற கேள்வியைக் கடந்துபோய்விட்டார். இதை அவர் குறை என்று மட்டும் சொல்வதும் சரியில்லை. பெட்டியடியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் கடனாளி ஒரு பக்கத்தின் தலைப்பு, அவ்வளவே. அந்தக் கண்ணை அவர் உண்மையாகப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு வெளியே போகவில்லை.

நம் தலைமுறைக்கும் இதில் பங்கு இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டின் பர்மா தேக்குத் தூணில் சாய்ந்து படம் எடுத்துப் போடுகிறோம். தேக்கு வழவழவென்று இருக்கிறது என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அதற்கு எதிர்த்திசையில் "கந்துவட்டிக்காரன்" என்று ஒரே வார்த்தையில் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டெல்டாவை வயலாக்கிய பணமும், அந்த வயலைப் பிடுங்கிய பணமும் ஒன்றேதான் என்பதைச் சேர்த்துப் பார்க்க இருவருக்கும் பொறுமை இல்லை. சிங்காரத்தை நிதானமாகப் படித்தால் அந்தப் பொறுமை கொஞ்சம் வரும் என்பது என் நம்பிக்கை.

போர்க்காலத்துக்குத் திரும்புவோம். ஜப்பானியர் அச்சடித்த நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் மலாயாவில் அதை வாழைமரக் காசு என்றே சொன்னார்கள். அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு இறங்கியது. கடனாளிகளுக்குக் கொண்டாட்டம்: நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வெற்றுக் காகிதத்தில் அடைத்துவிடலாம். வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்ல முடியுமா? கத்தி வைத்திருக்கிற சர்க்கார் அச்சடித்த நோட்டு. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து அந்த நோட்டு செல்லாது என்றார்கள். அப்படியானால் அதில் அடைத்த கடன் அடைந்ததா இல்லையா? இதற்கென்றே 1948இல் ஒரு சட்டம் போட்டு, எந்த மாதம் கொடுத்த நோட்டுக்கு என்ன மதிப்பு என்று பட்டியல் போட வேண்டி வந்தது. போர் முடிந்த பினாங்கில் வானாயீனா போன்றவர்களின் எரிச்சலையும் அவசரத்தையும் படிக்கும்போது இந்தப் பட்டியல் இன்னும் வராத காலம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எது சொத்து, எது குப்பை என்றே தெரியாத நேரத்தில் ஒரு மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2008க்குப் பிறகு வங்கியாளர்களிடையே ஒரு பேச்சு பரவியது: வங்கிகள் வாழும்வரை உலகம் முழுக்க வாழும், சாகும்போது ஏதாவது ஒரு நாட்டில்தான் சாகும். ஐஸ்லாந்து வங்கிகள் விழுந்தபோது பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் அவற்றில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை ஒட்டி வந்தது அது. அதற்கும் முன்னால், 1974இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி ஒரு மதியம் மூடப்பட்டபோது நியூயார்க்கில் டாலருக்குக் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். பாசல் குழு பிறந்தது அந்த வருஷக் கடைசியில். எந்த நாட்டு அதிகாரி எந்த வங்கியைக் கண்காணிப்பது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள். செட்டியார் கடைகளுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. 1942இல் ரங்கூனை விட்டு ஓடியவர்கள் ஏட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏடு காரைக்குடிக்கு வந்துவிட்டது, கடனாளி டெல்டாவிலேயே இருந்தான். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் போட்டது.

இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் என்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியாரைச் சொல்லலாம். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி அவர் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கதவு திறந்தது. சீக்கிரமே பினாங்குக்கும் போனது. மேலாளுக்குப் பதில் மேனேஜர், கல்யாண உறவுக்குப் பதில் பங்குப் பத்திரம். பழைய கடையின் வழித்தடத்திலேயே புதிய வங்கி நடந்தது. ஆனாலும் ஊர்ச் சட்டத்திலிருந்து தப்பவில்லை. 1963 பிப்ரவரியில் நே வின் அரசு பர்மாவிலிருந்த 24 வங்கிகளையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டபோது ரங்கூன் கிளையும் போனது.

அந்த வருஷம் சிங்காரம் மதுரையில் பத்திரிகை வேலையில் இருந்தார். முந்தைய வருஷம் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' அச்சேறாமல் கிடந்தது. 1972இல்தான் வந்தது.