சக்கரத்தில் கட்டுண்ட நல்லவன்

மாசிடோனியாவை ஆர்க்கெலாவுஸ் என்றொரு அரசன் ஆண்டான். அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவன், அரியணைக்கு உரிமை இல்லாதவன். தந்தையின் உடன்பிறந்தவரையும் அவருடைய மகனையும் விருந்துக்கு அழைத்துக் குடிக்க வைத்தான். இரவோடு இரவாக வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றான். அடுத்து, பட்டத்துக்கு உரிய ஏழு வயதுத் தம்பியைக் கிணற்றில் தள்ளி மூழ்கடித்தான். பிள்ளையின் தாயிடம் போய், ‘வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடினான், தவறி விழுந்துவிட்டான்’ என்றான். பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் போலஸ் என்ற இளைஞர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு சாக்ரடீஸை மடக்கப் பார்க்கிறார். மாசிடோனியா முழுவதும் இன்று அவன் கையில் இருக்கிறது, அவன் நன்றாக வாழவில்லை என்றா சொல்வீர்கள்? ஆமாம் என்கிறார் சாக்ரடீஸ். தீங்கு செய்பவன் தீங்குக்கு ஆளானவனைவிடக் கேடான நிலையில் இருக்கிறான், செய்துவிட்டுத் தண்டனை பெறாமல் தப்பியவன் எல்லாரிலும் கேடான நிலையில் இருக்கிறான் என்பது அவர் பதில்.

போலஸ் விடவில்லை. கொடுங்கோலனைக் கவிழ்க்க முயன்று பிடிபட்டவனை எடுத்துக்கொள்ளுங்கள், அவனைச் சித்திரவதை செய்கிறார்கள், கண்களைச் சுட்டுப் பொசுக்குகிறார்கள், மனைவி மக்கள் படும் பாட்டைப் பார்க்க வைக்கிறார்கள் என்று அடுக்குகிறார். பூச்சாண்டி காட்டுகிறாய், வாதம் செய்யவில்லை என்பதுபோல சாக்ரடீஸ் அதைத் தள்ளிவிடுகிறார். ஆனால் அந்தப் படம் கிரேக்கச் சிந்தனையை விட்டு அகலவே இல்லை. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் கிளாக்கோன் அதையே இன்னும் கூர்மையாக்கி முன்வைக்கிறார். நீதிமான் ஒருவனை ஊரே அயோக்கியன் என்று நம்பட்டும். அவனைச் சவுக்கால் அடிக்கட்டும், கட்டி முறுக்கட்டும், கண்களைப் பொசுக்கட்டும், கடைசியில் கழுவேற்றட்டும். அப்போதும் நீதியாக வாழ்வதே அவனுக்கு மேல் என்று காட்ட முடியுமா? அடுத்து வந்த முந்நூறு ஆண்டுகளில் கிரேக்கத்தில் தோன்றிய ஒவ்வொரு பள்ளியையும், சித்திரவதைச் சக்கரத்தில் கட்டப்பட்ட இந்த நல்லவனைப் பற்றி அது என்ன சொன்னது என்பதை வைத்தே அடையாளம் காணலாம் என்பது என் கருத்து.

அவர்களில் பெரும்பாலோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. மனிதன் எதைச் செய்தாலும் கடைசியில் நாடுவது யூடைமோனியா என்னும் நல்வாழ்வையே என்பதில் ஏறக்குறைய யாருக்கும் ஐயமில்லை. அது ஒரு மாலை நேரத்து மனநிலையைப் பற்றிய பேச்சு அல்ல, பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு வாழ்க்கை முழுவதையும் பற்றிய மதிப்பீடு. நல்லவனாக இரு, அதனால் வாழ்க்கை பாழானாலும் பரவாயில்லை என்று அவர்களில் எந்தப் பெரிய சிந்தனையாளரும் சொல்லவில்லை. 1912இல் ஆக்ஸ்ஃபோர்டின் மெய்யியலாளர் பிரிச்சார்ட் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். கடமை கடமை என்பதாலேயே செய்யப்பட வேண்டியது, அதற்குப் பலன் காட்ட முயல்வதே பிழை என்று பிளேட்டோ முதலானவர்களின் அடிப்படையையே மறுத்தார். எனக்கு அந்த மறுப்பு குறி தவறியதாகவே படுகிறது. கிரேக்கர்கள் அறத்துக்குக் கூலி தேடவில்லை. அறமே நல்வாழ்வின் உடலா, அல்லது அதன் ஓர் உறுப்பு மட்டுமா என்றுதான் அவர்கள் சண்டையிட்டார்கள்.

மக்களின் எண்ணம் வேறாக இருந்தது. ஹெரோடோட்டஸ் சொல்லும் சோலோன் கதையில் அது தெரியும். செல்வத்தில் மிதந்த லிடிய அரசன் குரோசஸிடம் ஏதென்ஸின் சட்ட அறிஞர் சோலோன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: எழுபது ஆண்டு வாழ்வு என்றால் மொத்தம் 26,250 நாள், அதில் ஒரு நாள் போல இன்னொரு நாள் இல்லை, ஆகவே முடிவைப் பார்க்காமல் யாரையும் பாக்கியவான் என்று சொல்லாதே. பொருள், மக்கள், உடல்நலம், நல்ல சாவு என்று நல்வாழ்வின் பெரும்பகுதி விதியின் கையில் கிடக்கிறது. இந்த எண்ணத்தோடுதான் மெய்யியலாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் கி.மு. 399இல் சாக்ரடீஸ் பேசியதாக பிளேட்டோ எழுதும் உரையில், கெட்டவனால் நல்லவனுக்குத் தீங்கு செய்யவே முடியாது என்ற கூற்று வருகிறது. சில வாரங்களில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அப்போதும் அந்தக் கூற்று பொய்த்துவிட்டதாக அவருடைய மாணவர்கள் கருதவில்லை.

பிளேட்டோ ‘குடியரசி’ல் கிளாக்கோனுக்குத் தரும் விடை ஆன்மாவின் ஒழுங்கைப் பற்றியது. கொடுங்கோலனின் உள்ளே ஓயாத கலகம், நீதிமானின் உள்ளே ஆட்சி. ஒன்பதாம் புத்தகத்தில், கொடுங்கோலனைவிட நல்லரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று எண்ணிக்கையே தருகிறார். அந்த எண்ணை யாரும் இன்று பொருட்டாகக் கொள்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிக இன்பம் என்பதற்கும் சக்கரத்தில்கூட முழு இன்பம் என்பதற்கும் இடைவெளி இருக்கிறது. பிளேட்டோ காட்டியது முதலாவதை மட்டுமே.

இந்த இடைவெளியை நேருக்கு நேர் பார்த்தவர் அரிஸ்டாட்டில். ‘நிக்கோமாக்கஸ் அறவியல்’ நூலின் முதல் புத்தகத்தில் நல்வாழ்வு என்பது அறத்தின் வழிப்பட்ட செயல்பாடு என்று வரையறுக்கிறார், முழு வாழ்நாள் தேவை என்கிறார், கூடவே நண்பர்களும் பொருளும் ஓரளவு நல்ல பிறப்பும் வேண்டும் என்று சேர்க்கிறார். ஏழாம் புத்தகத்தில் பொறுமை இழந்தவர்போலவே எழுதுகிறார்: சக்கரத்தில் முறுக்கப்படுகிறவன் நல்லவனாக இருந்தால் நல்வாழ்வுடையவன் என்போர், தெரிந்தோ தெரியாமலோ, பிதற்றுகிறார்கள். அதற்காக அவர் சோலோன் பக்கம் போய்விடவும் இல்லை. டிராய் மன்னர் பிரியாமை எண்ணிப் பார்க்கிறார். பிள்ளைகளைப் பறிகொடுத்து, நாட்டை இழந்து, முதுமையில் வெட்டுண்டு செத்தவர். நல்லவனுக்கு இத்தகைய முடிவு வந்தால் என்ன சொல்வது? அவன் இழிந்த செயலைச் செய்யமாட்டான், ஆகவே இழிநிலைக்கு ஒருபோதும் விழமாட்டான். ஆனால் அவனைப் பேறு பெற்றவன் என்றும் சொல்ல முடியாது. முதல் புத்தகத்தின் பத்தாம் அத்தியாயத்தில் வரும் இந்தச் சில வரிகளைத்தான் கிரேக்க அறவியலின் மிக நேர்மையான பகுதியாக நான் கருதுகிறேன்.

பத்தாம் புத்தகம் இதே நூலுக்குள் வேறொரு சிக்கலைக் கிளப்புகிறது. உயர்ந்த வாழ்வு மெய்ப்பொருளைச் சிந்திப்பதே என்கிறது அது. அப்படியானால் முன்பு சொன்ன வீரமும் ஈகையும் நட்பும் எங்கே போயின? ஆய்வாளர்கள் ஹார்டி 1965இலும், ஆக்ரில் 1974இலும் தொடங்கிவைத்த விவாதம் இது. நல்வாழ்வு ஒற்றை உச்சமா, பல நன்மைகளின் தொகுப்பா என்ற அந்தக் கேள்வியைச் சுற்றி ஒரு நூலகமே வளர்ந்திருக்கிறது. ஆனால் சக்கரத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அரிஸ்டாட்டிலின் விடை மாறாது.

அவருக்குப் பின் பள்ளியை நடத்திய தியோஃப்ராஸ்டஸ் ஒரு படி மேலே போனார். சித்திரவதையில் இருப்பவனிடம் நல்வாழ்வு இல்லை என்று ஒரு தனி நூலில் வாதிட்டாராம். அந்த நூல் அழிந்துவிட்டது. அதைத் தாக்கியவர்கள் வழியாகவே, குறிப்பாக ரோமானியரான சிசரோ வழியாகவே, நமக்கு அது தெரிகிறது. எல்லாப் பள்ளிகளும் அவரைக் கடிந்தன என்கிறார் சிசரோ.

கடிந்தவர்களில் முதன்மையானவர்கள் ஸ்டோயிக்குகள். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸின் ஓவிய மண்டபத்தில் ஜீனோ தொடங்கிய பள்ளி இது. அறம் ஒன்றே நன்மை, தீயொழுக்கம் ஒன்றே தீமை. உடல்நலம், செல்வம், உயிர் எல்லாம் ‘பொருட்படுத்த வேண்டாதவை’, அவற்றுள் சில விரும்பத்தக்கவை, அவ்வளவுதான். குறி பார்த்து அம்பை எய்வது வில்லாளியின் வேலை, அம்பு இலக்கில் தைக்கிறதா என்பது அவன் திறமையின் அளவுகோல் அல்ல என்ற அவர்களுடைய உவமை புகழ்பெற்றது. கட்டுக்கோப்பில் இதற்கு இணையான அறவியல் பழங்காலத்தில் இல்லை. ஆனால் ஹெராக்ளியாவைச் சேர்ந்த டயோனிசியஸின் கதை எனக்கு மறப்பதே இல்லை. ஜீனோவின் நேரடி மாணவர். கடும் வலி வந்தது. கண்நோய் என்று ஓரிடத்திலும் சிறுநீரக வலி என்று இன்னோரிடத்திலும் சிசரோ எழுதுகிறார். வலி தீமை அல்ல என்று இனி என்னால் சொல்ல முடியாது என்று டயோனிசியஸ் பள்ளியை விட்டே விலகினார். ‘கட்சி மாறியவர்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. ஆசிரியரின் சித்தாந்தத்தைவிடத் தன் உடல் சொன்னதை நம்பியதற்காக ஒருவரை இரண்டாயிரம் ஆண்டுகளாக ஏசுவது நியாயமில்லை.

எபிகூரஸ் இன்பமே குறிக்கோள் என்றவர். அவருடைய பள்ளி சக்கரத்தில் இருப்பவனைக் கைவிட்டிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இல்லை. அறிவுடையவன் சக்கரத்திலும் நல்வாழ்வுடையவனே, ஆனால் முனகுவான், கதறுவான் என்று அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. அந்தக் கதறலை ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். கி.மு. 270இல் இறக்கும் நாளில் நண்பர் இடோமெனியுஸுக்கு எழுதிய கடிதத்தில், சிறுநீர் அடைப்பும் வயிற்றுக்கடுப்பும் உச்சத்தில் இருக்கின்றன, ஆனால் நம் பழைய உரையாடல்களின் நினைவு தரும் மகிழ்ச்சி அவற்றுக்கு எதிராக நிற்கிறது என்கிறார். இறந்துபோன தோழர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முடிக்கிறார். விவேகமும் நீதியும் இல்லாமல் இன்பமாக வாழ முடியாது என்பது அவர் கொள்கை. அவருக்கு அறம் இன்பத்தின் கருவி, ஆனால் அதிலிருந்து பிரிக்க முடியாத கருவி.

சினிக்குகளும் சைரீனியர்களும் இந்த வரைபடத்தின் இரு ஓரங்கள். சினிக்கான டயோஜெனஸ் உடைமை அனைத்தையும் உதறினார். சைரீனியரான ஹெகெசியாஸ் வாழ்வில் வலியே மிகுதி என்று பேசிப் பேசி, கேட்டவர்கள் சாவைத் தேடும் அளவுக்குப் போனதால் தாலமி மன்னர் அவருடைய பேச்சைத் தடை செய்தார் என்பார்கள்.

சமரசம் தேடியவர் அஸ்கலோனின் அந்தியோக்கஸ். அறம் மட்டும் இருந்தால் நல்வாழ்வு உண்டு, மிக நல்வாழ்வுக்கு மற்றவையும் வேண்டும் என்றார். கேட்பதற்கு இதமாக இருக்கும். கி.மு. 45இல் எழுதிய ‘நன்மை தீமைகளின் எல்லைகள்’ நூலில் சிசரோ இதைப் பிளந்துவிடுகிறார்: வலியைத் தீமை என்று ஒப்புக்கொண்டால், தீமைகளால் சூழப்பட்டவனை எப்படி நல்வாழ்வுடையவன் என்பது? அதே ஆண்டில்தான் சிசரோவின் மகள் துல்லியா இறந்தாள். அதன்பின் எழுதிய ‘டஸ்குலத்து உரையாடல்கள்’ கடைசிப் புத்தகத்தில், அறமே போதும் என்று அவரே முழுமூச்சாக வாதிடுகிறார். அந்த வாதத்தின் அடியில் ஒரு தந்தையின் துக்கம் கிடக்கிறது என்று நினைத்துப் படிப்பவன் நான்.

நம் காலத்தில் 1958இல் மெய்யியலாளர் அன்ஸ்கோம் எழுதிய கட்டுரை அரிஸ்டாட்டிலை அறவியல் மேடைக்கு மீண்டும் கொண்டுவந்தது. 1986இல் மார்த்தா நுஸ்பாம், நன்மை உடையக்கூடியது, அந்த உடையும் தன்மையும் அதன் அழகில் ஒரு பகுதி என்று கிரேக்க நாடகங்களையும் சேர்த்துக்கொண்டு வாதிட்டார். 1993இல் ஜூலியா அன்னாஸ் எல்லாப் பள்ளிகளையும் ஒன்றாக நிறுத்தி அவற்றின் பொதுவான கட்டமைப்பை விளக்கினார். அதே ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற முன்னாள் அமெரிக்க விமானி லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். 1965இல் வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஹனோய் சிறையில் சித்திரவதைப்பட்டவர். ஸ்டோயிக்கான எபிக்டெட்டஸின் போதனை தன்னைக் காத்தது என்றார். சக்கரம் புத்தகத்தில் மட்டும் இருப்பதல்ல.

எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர். அரிஸ்டாட்டிலுக்கு இங்கேதான் தோல்வி. அடிமைக்கு நல்வாழ்வில் பங்கு உண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என அதே பத்தாம் புத்தகத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார். எபிகூரஸின் பள்ளியான தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் உட்கார்ந்து படித்தார்கள். ஸ்டோயிக்குகள் அறத்தின் கதவை எல்லாருக்கும் திறந்தார்கள். ஆனாலும் சக்கரத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னதே சரி. முறுக்கப்படுகிறவன் எதையும் இழக்கவில்லை என்றால், முறுக்குகிறவன் அவனிடமிருந்து எதைப் பறித்தான்? கொடுமைக்காரன் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டான் என்று ஸ்டோயிக்குகள் பதில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் கிணற்றில் தள்ளப்பட்ட பிள்ளைக்கு அது பதிலாகாது. இழப்பை இழப்பு என்று சொல்வதற்கும் அடிமையை விலக்கி வைப்பதற்கும் எந்தத் தருக்கத் தொடர்பும் இல்லை. முன்னதை ஏற்று, பின்னதை ஒதுக்கிவிடலாம்.

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைபவர்கள் பாடநூலில் தொடங்க வேண்டாம். ‘கோர்கியாஸ்’ முதலில், பிறகு அரிஸ்டாட்டிலின் முதல் புத்தகமும் கடைசிப் புத்தகமும், பிறகு சிசரோவின் ‘எல்லைகள்’ ஐந்தாம் புத்தகம். மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள்.